பவுனுவின் அளவுகள்

மணி இரண்டே கால். நடிகை அனாயா மூன்று மணிக்கு வருவாள், வந்து இந்த உடம்பைப் போட்டுப் பார்ப்பாள், அதற்குள் இடது தோளில் மீதியிருக்கிற தையலை முடிக்க வேண்டும். முடிப்பதற்கென்ன, பத்து நிமிஷ வேலை, இந்திராணி வேண்டுமென்றே இழுத்துக்கொண்டிருந்தாள். சாலிகிராமத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிற அந்தக் காஸ்ட்யூம் ரூமில் ஃபேன் ஓடுகிறதே தவிர காற்று கிடையாது. மேசைமேல் மல்லாக்கக் கிடந்தது அந்த உடம்பு. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து முழங்காலுக்கு மேலே முடிந்துவிடுகிற உடம்பு. உள்ளே பனியன் துணி, அதன்மேல் அடுக்கடுக்காக ஃபோம், தொங்க வேண்டிய இடம் தொங்குவதற்காகத் தினை நிரப்பிய குட்டிக் குட்டிப் பைகள், எல்லாவற்றையும் இழுத்து மூட லைக்ராத் துணி, முதுகில் ஒரு ஜிப். ஒல்லிப் பெண் ஒருத்தி இதற்குள் புகுந்து ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டால் குண்டுப் பெண், அவ்வளவுதான் சமாச்சாரம். குண்டுப் பெண்ணுக்குப் பெயர் பவுனு. தண்ணி லாரி ஓட்டுகிறவள், படத்தின் கதாநாயகி, அவள் லாரி ஓட்டப் போனால் புருஷன் வீட்டில் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பான், அப்படியொரு கதை. மார்பு நாற்பத்து நாலு, வயிறு நாற்பத்தாறு, பின்பக்கச் சுற்று ஐம்பது. பவுனுவின் அளவு அது. அதாவது இந்திராணியின் அளவு. நாற்பத்து மூன்று வருஷமாகச் சோறு போட்டு வளர்த்த அளவு. நல்லா இருக்குடி உன் பொழப்பு, உன் உடம்பை நீயே தைச்சு, நூலை நீயே பல்லால கடிச்சு, இன்னொருத்தி தோள்ல நீயே மாட்டி விடணும். ஊசி விரலில் ஏறிவிட்டது. ஸ்ஸ் என்று உதறிக்கொண்டு விரலை வாயில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஊசி பிடிக்கிறவளுக்கு ஊசி குத்துகிறதென்றால் மனசு கையில் இல்லை என்று அர்த்தம்.

கையில் எப்படி இருக்கும்? மூன்று மாசத்துக்கு முன்னால் இதே மேசைமேல்தான் சாருமதி ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கதை சொன்னாள். சாருமதி டைரக்டர், முப்பது வயசுகூட ஆகாத பெண், கழுத்துவரை வெட்டிய முடி, முதல் படம். "இந்தப் படத்துல ஹீரோயின் கடைசி வரைக்கும் இளைக்க மாட்டாக்கா. எல்லாப் படத்துலயும் குண்டா இருக்கற பொண்ணு இடைவேளைக்கப்புறம் ஓடுவா, எலுமிச்சம்பழத் தண்ணி குடிப்பா, ஒரு பாட்டுல ஒல்லியாயிடுவா, அப்புறம்தான் ஹீரோ திரும்பிப் பாப்பான். பவுனு அப்படியெல்லாம் ஆக மாட்டா" என்றாள். இந்திராணிக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. அப்புறம் போனை எடுத்து வைத்துக்கொண்டு, அக்கா கொஞ்சம் நடங்களேன், அந்தப் படியில ஏறுங்களேன், தரையில உக்காந்து எந்திரிங்களேன், சாப்பிடுங்க, சிரிங்க, யாரையாவது திட்டுங்க என்று இரண்டு நாள் விடாமல் வீடியோ எடுத்தாள். எதுக்கு என்று இந்திராணி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை கூத்து இல்லை. ஆனால் டெஸ்ட் எடுக்கும்போது எதுக்கு என்று யாராவது கேட்பார்களா, கேட்டால் கலைந்துவிடாதா? அதைவிட அந்த அளவு நோட்டு. இந்த ரூமில் ஒரு வழக்கம், அளவு நோட்டில் ஆள் பேர் எழுத மாட்டார்கள், வேஷத்தின் பேர்தான் எழுதுவார்கள். கலெக்டர் ராகினி என்று ஒரு பக்கம், இரண்டாவது தங்கச்சி என்று ஒரு பக்கம், அந்த வேஷம் யாருக்கோ அவளுடைய அளவு அந்தப் பக்கத்தில். இருபத்திரண்டு வருஷத்தில் இது ஒரு தடவைகூட மாறியதில்லை. சாருமதி போன் பண்ணி, அக்கா, பவுனு பக்கத்துல உங்க அளவை எழுதி வைச்சிடுங்க என்றாள். சொல்லுங்கள், யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தன் இடுப்பில் தானே டேப்பைச் சுற்றினாள். எத்தனையோ ஜாக்கெட்டுக்குத் தன்னை அளந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் டேப் வயிற்றைத் தொட்டதும் மூச்சு தானாக உள்ளே போய்விடும், தனக்குத்தானே பொய் சொல்லி இரண்டு இஞ்சு குறைத்து எழுதுவாள், அப்புறம் ஹூக் போட முடியாமல் பிரித்துத் தைப்பாள். அன்றைக்கு மூச்சை இழுக்கவில்லை. வயிறு இருக்கிறபடி இருந்தது. நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

சும்மாவாவது இருந்தாளா, தணிகாசலத்திடம் சொல்லித் தொலைத்தாள். தணிகாசலம் அவள் புருஷன், லைட்மேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. "நிஜமாவாடி? ஹீரோயினா?" என்று நாலு தடவை கேட்டான். போரூரில் அவள் தம்பி தண்ணி லாரிதான் ஓட்டுகிறான், பத்து நாள் விடியற்காலையில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கியர் பழகினாள், மூன்றாவது நாள் காலி மைதானத்தில் தனியாகவே ஒரு சுற்று ஓட்டிவிட்டாள், தம்பி விசில் அடித்தான். அவள் திரும்பி வருவதற்குள் தணிகாசலம் ரசம் வைத்து, சோறு வடித்து, டிபன் பாக்ஸில் போட்டு மூடி வைத்திருப்பான். ரசத்தில் உப்பு இருக்காது, அதனாலென்ன, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். பவுனுவின் புருஷன் செய்வதையெல்லாம் அவன் செய்துகொண்டிருந்தான், படம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே. பதினோராம் நாள் சாருமதி குதித்துக்கொண்டு வந்தாள். அக்கா, அனாயா ஓகே சொல்லிட்டாங்க, இனிமே படம் பெரிய படம், அந்த பவுனு பக்கத்து அளவுக்கு அப்படியே ஒரு பேடிங் உடம்பு பண்ணிடுங்க, உங்க வீடியோவ அவங்களுக்கு அனுப்பிட்டேன், பாத்துப் பாத்துப் பழகறாங்க. இந்திராணி "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட மாறவில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது சாருமதிக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, தணிகாசலத்துக்கு மட்டும் தெரியும், அவன் அன்றைக்கு லைட்டை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தான், மறுநாளிலிருந்து அவளே சமைத்தாள்.

இதில் யாரைக் கோபித்துக்கொள்வது? வருஷக்கணக்காக இந்தக் கையால் எத்தனை இடுப்பை உண்டாக்கியிருக்கிறாள், எத்தனை இடுப்பை இல்லாமல் அடித்திருக்கிறாள். அவள் இந்த ரூமுக்கு வந்த புதுசில் கதாநாயகி என்றால் பூசினாற்போல இருக்க வேண்டும், மும்பையிலிருந்து வருகிற குச்சிகளுக்கெல்லாம் பாவாடைக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தாள். அப்புறம் திடீரென்று காற்று மாறி எல்லாரும் இளைக்க ஆரம்பித்தார்கள், மாசத்துக்கு மாசம் ஜாக்கெட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் கையே ஓய்ந்துபோயிற்று, ஒருத்தி ஷாட்டுக்கு நடுவில் மயங்கி விழுந்து ஹூக்கையெல்லாம் பிய்த்துத்தான் மூச்சு விட வைத்தார்கள். அதுக்கப்புறம் புரட்சிப் பெண்கள் வந்தார்கள். போலீஸ், கலெக்டர், வக்கீல், பத்து ரவுடியைத் தூக்கிப்போட்டு மிதிப்பாள், வசனமெல்லாம் தீப்பொறி, தியேட்டரில் பெண்களே விசில் அடிப்பார்கள், இந்திராணியும் அடித்திருக்கிறாள். ஆனால் அளவு நோட்டைத் திறந்தால் போலீஸுக்கும் இடுப்பு இருபத்தாறு, கலெக்டருக்கும் இருபத்தாறு. கைத்தறிப் புடவையும் மூக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டால் கலெக்டர், அதைக் கழற்றிவிட்டால் பாட்டு. பெண்ணைப் பெரிய ஆளாக்கினார்கள், இடுப்பை மட்டும் ஒரு இஞ்சு கூட்ட மனசு வரவில்லை மகராசன்களுக்கு. கூட்டினால் என்ன ஆகும் என்று இந்திராணிக்குத் தெரியும். இருபது வயசில் அவளே திரையில் வந்திருக்கிறாள். குரூப் டான்ஸில் மூன்றாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவளை ஒருநாள் முன்னால் கூப்பிட்டார்கள், குளோஸப் என்றார்கள், பூ வைத்தார்கள். காட்சி என்னவென்றால், காமெடியன் கண்ணை மூடிக்கொண்டு கனவில் கதாநாயகியைக் கட்டிப்பிடிக்கிறான், கண்ணைத் திறந்தால் இவள். அவன் அலறிக்கொண்டு ஓடுகிறான். இவள் "அத்தான்" என்று துரத்துகிறாள். அவ்வளவுதான் வேஷம். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு தெருவில் இருந்த பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு படத்துக்கு வந்தாள். அந்த இடம் வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. இருட்டில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள், அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். வெளியே வந்து, "நல்லா நடிச்சிருக்கடி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அம்மாமேல் தப்பு சொல்ல முடியாது, சிரிக்கத்தானே எடுத்திருந்தார்கள். இந்திராணி அதற்கப்புறம் கேமரா முன்னால் போகவில்லை, ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அதே உடம்பு கதாநாயகி. யாரும் சிரிக்கப்போவதில்லை, கைதட்டப் போகிறார்கள், அழப் போகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது அனாயா. அந்தப் பெண் கெட்டவளாகவாவது இருந்து தொலைக்கக்கூடாதா? எந்நேரமும் அக்கா அக்கா என்கிறாள். போன வாரம் டெஸ்ட் ஷூட்டுக்கு வந்தபோது இந்திராணியின் தயிர் சாதத்தில் ஒரே ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க லக்கிக்கா, பிடிச்சத பிடிச்ச மாதிரி சாப்பிடறீங்க" என்றாள். பாவி, மனசாரத்தான் சொன்னாள். அப்புறம் காரிடாரில் நடந்து காட்டினாள், பவுனு நடை, சரியா வருதாக்கா என்று கேட்டாள். வலது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, இடது கையைத் தொடைமேல் ஊன்றி ஊன்றி, படியில் ஏறுமுன் ஒரு தடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. நான் அப்படியா நடக்கிறேன்? அப்படித்தான் நடக்கிறாள். தன் நடையைத் தான் பார்த்ததே இல்லை, இந்த ஒல்லிக்குச்சி நடந்துதான் பார்க்க வேண்டியிருந்தது, வயிறு எரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்த ஷூட்டில் தணிகாசலம்தான் லைட் போட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு மூஞ்சி லைட்டை வாங்குது பாரு, எங்க நின்னாலும் வாங்குது" என்றான். லைட்மேன்கள் அப்படிச் சொன்னால் அதற்குமேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், அது இன்னும் மோசம். இத்தனை வருஷத்தில் இந்திராணியின் மூஞ்சி எந்த லைட்டை வாங்கியது என்று அவன் ஒருநாள் சொன்னதுண்டா? அன்றைக்கு ராத்திரி ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டாள்.

அதனால்தான் வயிற்று ஃபோமில் அந்த வெட்டைப் போடவில்லை. மறந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம், தெரிந்தேதான் போடவில்லை. நிஜ வயிறு உட்கார்ந்தால் மடியும். தொப்புளுக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்து மேல் வயிறு கீழ் வயிற்றின்மேல் இறங்கி உட்காரும். ஃபோம் அப்படி மடியாது, உள்பக்கமாக ஆப்பு போல ஒரு வெட்டு எடுத்துத் தைத்தால்தான் மடியும், இல்லாவிட்டால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது, உட்கார்ந்தால் டிரங்குப் பெட்டி மாதிரி நெஞ்சுக்கு ஏறிவிடும். சாருமதி போன திங்கட்கிழமை சொல்லியிருந்தாள்: "கொஞ்சம் பொய்யாத் தெரிஞ்சாலும் நான் இத விட்டுடுவேன்க்கா. ப்ரொட்யூசரோட சண்டை போட்டாவது நிஜமா அந்த உடம்பு இருக்கறவங்களையே போட்டுடுவேன்." சொல்லும்போது யாரைப் பார்த்துச் சொன்னாள்? இந்திராணியைப் பார்த்துத்தான் சொன்னாள். ரூமில் வேறு யார் இருந்தார்கள்? இருந்தது இவள் ஒருத்திதான், அதனால் பார்த்தாளோ, இல்லை, பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது, நிஜமா அந்த உடம்பு இருக்கறவங்க என்றால் அந்த உடம்பு யாருடையது, பவுனு பக்கத்தில் இருப்பது யாருடைய அளவு? லாரிகூட ஓட்டத் தெரியும். சாருமதிக்கு அது தெரியாது, தெரிந்தால் துள்ளிக் குதிப்பாள். ஒரு வெட்டு. போட்டால் அனாயா, போடாவிட்டால் நான். அய்யோ, தப்புதானே இது, இத்தனை வருஷத்தில் என் தையல் ஒன்று பிரிந்தது என்று யாராவது சொன்னதுண்டா, கண்டுபிடித்துவிட்டால்? யார் கண்டுபிடிப்பார்கள், ஃபோமைப் பற்றி இங்கே யாருக்கு என்ன தெரியும், முதல் தடவை பண்றேம்மா, சரியா வரல என்றால் தீர்ந்தது. நூலை முடிச்சுப் போட்டுக் கடித்தாள். கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அனாயா உள்ளே வரும்போதே அந்த ரூம் சின்னதாகிவிட்டது. பின்னாலேயே சாருமதி. "ஹாய்க்கா!" என்று கட்டிப்பிடித்தாள் அனாயா, எலும்பு தோளில் குத்தியது, நல்ல வாசனை வேறு. உடம்புக்குள் காலை விட்டாள், கையை விட்டாள், இந்திராணி பின்னால் நின்று ஜிப்பை மேலே இழுத்தாள், மேலே பவுனுவின் நைலக்ஸ் புடவையைச் சுற்றிவிட்டாள். அனாயா நடந்தாள். சாருமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, அப்படியே இருக்கு! உங்களப் பின்னாலேர்ந்து பாக்கற மாதிரியே இருக்கு!" இந்திராணியும் பார்த்தாள். பின்பக்கம் எத்தனை அழகாக இருந்தது. தானே தைத்ததால் சொல்லவில்லை, நிஜமாகவே அழகாக இருந்தது, அந்த இடுப்பு அசைந்த அசைவு, தினை சரிந்து சரிந்து நின்ற விதம். இதையா பார்த்து அந்தக் காமெடியன் அலறிக்கொண்டு ஓடினான்? அடுத்த நிமிஷமே, அழகு என்னுடையது, போட்டுக்கொண்டிருப்பது இவள் என்று மறுபடி எரிந்தது.

"தரையில உக்காருங்க அனாயா. சாப்பிடற சீன்" என்றாள் சாருமதி.

அனாயா உட்கார்ந்தாள். வயிறு மடியவில்லை. மொத்தமாக எழும்பி நெஞ்சில் முட்டி, புடவைக்குள் ஒரு பெட்டி நின்றது. அனாயா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னக்கா, தலகாணிய முழுங்கின மாதிரி இருக்கேன்?"

சாருமதி சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், போனில் எடுத்துப் பார்த்தாள். "பொய்யாத் தெரியுது" என்றாள். "ஸாரி அனாயா. இத வெச்சு எடுத்தா நாம திட்டற படமாவே இது ஆயிடும்."

"முதல் தடவை பண்றேம்மா," என்றாள் இந்திராணி. யோசித்து வைத்திருந்த வரிதான்.

"உங்க தப்பு இல்லக்கா. எனக்கு முதல்லேர்ந்தே மனசு ஒப்பல. நிஜமா அந்த உடம்பு இருக்கறவங்களத்தான் போடணும்." இந்திராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சொல்லு, சொல்லு, அக்கா நீங்களே என்று சொல்லு, நான் உடனே சரி என்று சொல்ல மாட்டேன், என்னம்மா விளையாடறீங்களா என்பேன், ஒரு தடவை மறுப்பேன், ஒரே ஒரு தடவை, லாரியைப் பற்றி அப்புறம்தான் சொல்வேன், தணிகாசலத்துக்குப் போன் பண்ண வேண்டும், முதலில் அவனுக்கு. "கோயம்புத்தூர்ல ஷெர்லின்னு ஒரு பொண்ணு இருக்குக்கா," என்று சாருமதி போனைத் தள்ளித் தள்ளித் தேடினாள், "நாடகத்துல நடிக்குது, இருபத்தாறு வயசு, ஆடிஷன்ல அசத்திடுச்சு. பேர் வாங்காத ஆளுன்னு ப்ரொட்யூசர்தான் ஒத்துக்கல. இங்க பாருங்க."

இந்திராணி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். நல்ல பருமன், இவளைவிடக் கொஞ்சம் கூடவே. ஏதோ ஒரு மொட்டை மாடியில் நின்று யாரையோ திட்டுகிறாள், திட்டிக்கொண்டே சிரித்துவிடுகிறாள், சிரித்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறாள், வயிறு மடிந்து மடியில் உட்காருகிறது, அதை மறைக்க முந்தானையை இழுக்கவே இல்லை. இழுக்கவே இல்லை! கன்னத்தில் வெயில் பட்டுத் தகதகவென்றிருந்தது. இவள் மூஞ்சி லைட்டை வாங்கும், தணிகாசலம் சொல்வான், சொல்லாமல் என்ன செய்வான். அனாயாமேல் எரிந்தது எரிச்சலே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அனாயாவைச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது, ஒல்லி, பணக்காரி, ப்ரொட்யூசருக்கு வேண்டியவள், உடம்பைக் கடன் வாங்குகிறவள். இவளை என்ன சொல்வது? அதே உடம்பு. அதே உடம்பை வைத்துக்கொண்டு நான் இருபது வயசில் எங்கே போய் ஒளிந்துகொண்டேனோ, அங்கேயிருந்து இவள் எழுந்து வந்து நிற்கிறாள். அனாயா நடித்தால் அது இந்திராணியின் நடை, இந்திராணியின் இடுப்பு, நோட்டில் இந்திராணியின் பக்கம். இவள் வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு இவள் அளவை எழுதுவார்கள். எழுதப்போவதும் என் கைதான். கூடாது. இவள் மட்டும் கூடாது.

"அரை மணி நேரம் குடும்மா," என்றாள்.

"எதுக்குக்கா?"

"ஒரு வெட்டு பாக்கி இருக்கு. அத மறந்துட்டேன். அதப் போட்டா மடியும்."

"நிஜமாவா?" அனாயா எழுந்து நின்றாள். "செஞ்சிடுங்கக்கா, ப்ளீஸ்." இந்திராணி ஜிப்பை இறக்கினாள், உடம்பைக் கவிழ்த்தாள், லைக்ராவைப் பிரித்தாள். கத்தரியை எடுத்து ஃபோமுக்குள் ஒரே இழுப்பாக ஆப்பு எடுத்தாள், தினைப் பை இரண்டை இடம் மாற்றினாள், கை பறந்தது, ஊசி ஒரு தடவைகூடக் குத்தவில்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் அனாயா மறுபடி உட்கார்ந்தாள். வயிறு மடிந்தது. தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு விழுந்து, மேலே இருந்தது கீழே இறங்கி, உஸ் என்று உட்கார்ந்தது. அனாயா தானாகவே முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள், வீடியோவில் இந்திராணி செய்கிற மாதிரியே.

சாருமதி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்த மடிப்பைப் பார்த்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டு, "போதும்க்கா. இதுக்குமேல நான் ப்ரொட்யூசர்கிட்ட என்ன சண்டை போடறது" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று தெரியாத குரல். கையில் போன் இன்னும் அணையாமல் இருந்தது, அதில் அந்தப் பெண் சிரித்தபடி நின்றுபோயிருந்தாள். "ஷெர்லினுக்கு இன்னொரு சான்ஸ் வரலாம்னு சொல்லி வெக்கலாமா? நாளைக்குப் பின்னால ஏதாவது மாறினா?"

"சொல்லாதீங்கம்மா," என்றாள் இந்திராணி. தரையில் சிதறியிருந்த தினையைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பாவம், ஆசைப்பட்டுடும்."